ஆறு கம்பியா, எட்டா, பெடலா? வெஸ்டர்ன் ஸ்விங் வாசிக்க எந்த ஸ்டீல் கிட்டார்?

கிட்டார் நன்றாக வாசிக்கிற நண்பர் ஒருவருக்குத் திடீரென்று ஸ்டீல் கிட்டார் பைத்தியம் பிடித்துவிட்டது. வெஸ்டர்ன் ஸ்விங் என்ற அமெரிக்க நடன இசையில் பேர்போன பாப் வில்ஸ் குழுவின் பழைய பதிவுகளை ஒரு வாரமாக ராத்திரி முழுக்கக் கேட்டிருக்கிறார். "எதை வாங்குறதுன்னு மட்டும் சொல்லிடுங்கண்ணே" என்றார். அந்த 'மட்டும்'தான் சிக்கல். கம்பிகளை விரலால் அமுக்காமல், மேலே டோன் பார் என்ற உலோகக் கட்டையை வழுக்கி வாசிக்கும் கிட்டார்தான் ஸ்டீல் கிட்டார். அந்த ஒரே பெயரில் நாலைந்து வாத்தியங்கள் விற்கின்றன. மடியில் வைத்து வாசிக்கும் ஆறு கம்பி ஒன்று. கால் வைத்த எட்டு கம்பி ஒன்று. ஒரே பலகையில் இரண்டு, மூன்று, நான்கு கழுத்து வைத்தவை உண்டு. காலடியில் மிதிகளும் முழங்காலுக்கு நெம்புகோல்களும் உள்ள பெடல் ஸ்டீல் தனி ரகம். விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். தவறானதை வாங்கினால் காசு போவது ஒரு பக்கம். எந்த இசைக்காக வாங்கினோமோ அது அந்த வாத்தியத்திலிருந்து கிளம்பவே கிளம்பாது என்பது இன்னொரு பக்கம்.

அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்த இசையில் ஸ்டீல் கிட்டாருக்கு என்ன வேலை? வெஸ்டர்ன் ஸ்விங் 1930களில் டெக்சாசிலும் ஓக்லஹோமாவிலும் நடன அரங்குகளில் வளர்ந்த இசை. நாட்டுப்புற ஃபிடில் குழு ஒன்று ஜாஸ் கேட்டுக் கெட்டுப்போனால் என்ன வருமோ அதுதான் இது. கெட்டுப்போனதில் எனக்கு மிகவும் சந்தோஷம். ஃபோர்ட் வொர்த் நகரத்து மில்டன் பிரவுன் குழுவில் பாப் டன் என்பவர் இருந்தார். டிராம்போன் வாசித்தவர். சாதாரண கிட்டாரில் கம்பிகளை உயர்த்தி, பிக்கப் பொருத்தி, ஆம்ப்ளிஃபையரில் சொருகி, 1935 ஜனவரியில் சிகாகோவில் டெக்கா நிறுவனத்துக்குப் பதிவு செய்தார். நாட்டுப்புற இசைப் பதிவுகளில் மின்சாரக் கிட்டார் முதன்முதலில் ஒலித்தது அங்கேதான் என்று சொல்வார்கள். கேட்டுப் பாருங்கள், ஹவாய்க் கடற்கரையின் இழுவை அதில் துளியும் இருக்காது. வெட்டி வெட்டி, மூச்சு விட்டு விட்டு, டிராம்போன்காரர் ஊதுவது போலவே போகும்.

அதே 1935-இல் லியான் மெக்காலிஃப் என்ற 18 வயதுப் பையன் பாப் வில்ஸின் டெக்சாஸ் பிளேபாய்ஸில் சேர்ந்தார். குழு அப்போது ஓக்லஹோமாவின் டல்சா நகரில், கேவிஓஓ வானொலியிலும் கெய்ன்ஸ் பால்ரூமிலும் கொடிகட்டிப் பறந்தது. மறுவருஷம் அவர் வாசித்துப் பதிவான 'ஸ்டீல் கிட்டார் ராக்' வெளிவந்த பிறகுதான் இந்த வாத்தியத்தின் பெயரே பலர் வாயில் நுழைந்தது. 1946, 47-இல் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் வானொலிக்காகப் பதிவான டிஃபனி டிரான்ஸ்கிரிப்ஷன்ஸில் இன்னொரு படி மேலே போனார்கள். ஸ்டீல், மின்சார மாண்டலின், கிட்டார் மூன்றும் ஒட்டிக்கொண்டு டிரம்பெட் வரிசை மாதிரி வாசிக்கும். அதாவது ஊதுகுழல்காரர்களின் சம்பளத்தை இந்த மூன்று பேருமே வாங்கிக்கொண்டார்கள்.

ஆக, வாங்கப்போகும் வாத்தியத்திடம் எதிர்பார்ப்பது மூன்று. ஒற்றைக் கம்பியில் ஊதுகுழல் மாதிரி வரி பாட வேண்டும். மூன்று நான்கு குரல் சேர்ந்த கார்டைச் சட்டென்று அடித்து நிறுத்த வேண்டும். நடன வேகத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். அழகாக அழத் தெரிய வேண்டும் என்பது இந்தப் பட்டியலில் இல்லை. பெடல் ஸ்டீல் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருகிறேன்.

நம் ஊர்க் காதுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. சித்திரவீணை கேட்டு வளர்ந்தவர்களுக்கு, கம்பி மேல் கட்டையை வழுக்கி ஸ்வரம் பிடிப்பது புதிதல்ல. அதனாலேயே ஸ்டீல் கிட்டாரைக் கையில் எடுத்ததும் ஒரு கம்பியில் கமகம் இழுக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மாதக்கணக்கில் அதையே செய்துகொண்டிருந்தேன், கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஸ்விங் வரவில்லை. இங்கே டோன் பார் ஒரே சமயத்தில் மூன்று நான்கு கம்பிகள் மேல் நேராகப் படிந்து, ஃப்ரெட் கோட்டுக்கு (கழுத்தில் ஸ்வர இடத்தைக் காட்டும் குறுக்குக் கோடு) நேர் மேலே நிற்க வேண்டும். மயிரிழை விலகினால் ஒரு ஸ்வரம் மட்டும் தப்பாது, கார்டு முழுவதும் தப்பும்.

இப்போது வாத்தியங்களுக்கு வருவோம்.

ரொம்ப மலிவான வழி, கையில் இருக்கிற கிட்டாரையே மாற்றுவது. கழுத்தின் உச்சியில் உள்ள நட் மேல் வைக்க உயரமான உலோக நட் ஒன்று கிடைக்கிறது. அதை மாட்டினால் கம்பிகள் எழும்பி நிற்கும், மடியில் வைத்து வாசிக்கலாம். பாப் டன் கிட்டாரும் கிட்டத்தட்ட இதே ஜாதிதான். ஒரே ஒரு இடத்தில் கவனம். நான் வழக்கமான கிட்டார் கம்பிகளை வைத்துக்கொண்டே சி6 ட்யூனிங்குக்கு (இந்த இசைக்காரர்கள் கம்பிகளைச் சுருதி கட்டும் ஒரு முறை, பின்னால் விளக்குகிறேன்) முறுக்கப் போனேன். சாதாரண கிட்டாரின் தடித்த இ கம்பி எட்டு அரை ஸ்வரம் ஏறித்தான் சி6-இன் அடி சி ஆக முடியும் என்பது மண்டையில் உறைக்கவில்லை. முதலில் டி கம்பியில் ஆரம்பித்தேன். ஜி-யை எட்டும் முன்பே 'டப்' என்று அறுந்து புறங்கையில் ஒரு கோடு போட்டுவிட்டது. சி6-க்கு என்றே தனிக் கம்பிக் கட்டு விற்கிறது: மேல் இ 14 அல்லது 15 தடிமன், அடி சி 36 (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு). அதை வாங்கிப் போடுங்கள். ஆசை நிஜமா, இரண்டு வாரத்தில் வடிந்துவிடுமா என்று பார்க்க இது போதும். மேடைக்குப் போதாது.

அடுத்தது முறையான ஆறு கம்பி லாப் ஸ்டீல், அதாவது மடியில் வைத்து வாசிப்பது. இதன் மூதாதை 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் கொண்டுவந்த 'வாணலி'. வட்டமான உடம்பும் நீட்டிய பிடியுமாக நிஜமாகவே தோசைக்கல்லுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். இன்று புதிதாக வரும் ஆறு கம்பிகள் எடை குறைந்தவை, ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பலாம். புதியவர்களுக்கு எல்லோரும் சிபாரிசு செய்வது இதைத்தான். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். ஏன் என்று புரிய ட்யூனிங்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

சி6 என்பது அடியிலிருந்து மேலாக சி, இ, ஜி, ஏ, சி, இ. டோன் பாரே வைக்காமல் எல்லாக் கம்பிகளையும் தடவினால் சி6 கார்டு. அதே நான்கு ஸ்வரங்களுக்குக் கீழே பாஸ்காரர் ஏ வாசித்தால் அது ஏ மைனர் ஏழு. எஃப் வாசித்தால் எஃப் மேஜர் ஒன்பது. நீங்கள் கையை அசைக்கவே இல்லை, பாஸ்காரர் உங்களுக்காக மூன்று கார்டு வாசித்துவிட்டார். இன்னொரு தந்திரம்: பாட்டு சி ஏழில் நிற்கும்போது நீங்கள் பத்தாவது ஃப்ரெட்டில் நேராக வைத்து அடியுங்கள். அங்கே இருப்பது பி ஃப்ளாட் ஆறு. ஆனால் சி-க்கு மேல் அது மிதக்கும் சி பதினொன்று கார்டாகக் காதில் விழும், அங்கிருந்து இரண்டு ஃப்ரெட் மேலே வழுக்கினால் பன்னிரண்டில் வீடு வந்து சேரும். இந்த இரண்டு ஃப்ரெட் வழுக்கல் பழைய பதிவுகளில் திரும்பத் திரும்ப வரும். ஆறாம் ஸ்வரம் கலந்த ட்யூனிங்கை இந்தக் குழுக்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இப்படிப்பட்ட சிக்கனம்தான்.

இரண்டு கம்பி இணைகளும் அப்படியே. எஃப் ஸ்கேலில் மூன்றாம் ஸ்வரம் சேர்த்து ஏற வேண்டும் என்று வையுங்கள். ஐந்தாவது ஃப்ரெட்டில் மேல் இரண்டு கம்பிகள் எஃப், ஏ தரும். அடுத்து வேண்டியது ஜி, பி ஃப்ளாட். அதற்கு அதே இரண்டு கம்பிகளில் டோன் பாரைப் பின்பக்கமாகச் சாய்த்து, இரண்டாம் கம்பி ஏழிலும் முதல் கம்பி ஆறிலும் படும்படி வைக்கலாம். அல்லது பத்தாவது ஃப்ரெட்டுக்கு ஓடி, இரண்டாவது மூன்றாவது கம்பிகளை நேராகவே வாசிக்கலாம். அந்தப் பத்தாவது ஃப்ரெட்டிலேயே மேல் இரண்டு கம்பிகளுக்கு மாறினால் பி ஃப்ளாட், டி தயாராக இருக்கும். சாய்ப்பதா, ஓடுவதா என்ற இந்தச் சின்னச் சின்ன முடிவுகள்தான் ஒருவர் வாசிப்பை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுகின்றன.

இவ்வளவும் ஆறு கம்பியில் முடியும். முடியாதது எது? கார்டின் பரப்பு. பெரிய ஊதுகுழல் வரிசை மாதிரி அடிக்க, மேலே கூர்மையாக ஒரு ஜி-யும் கீழே கனமாக ஓர் ஏ-யும் வேண்டும். ஏ ஏழு வேண்டும் என்றால் சி ஒன்று சி ஷார்ப் ஆக வேண்டும். ஆறு கம்பிக்காரர்கள் அடி சி-யைச் சி ஷார்ப்புக்கு முறுக்கி வைத்துச் சமாளிப்பார்கள். அப்படிச் செய்தால் அடி சி போய்விடும். ஒன்றைக் கட்டினால் ஒன்று அவிழும்.

எட்டு கம்பியில் இந்த இழுபறி பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அடியிலிருந்து ஏ, சி, இ, ஜி, ஏ, சி, இ, ஜி என்று வைப்பது பரவலான வழக்கம். நான்கு ஸ்வரம் முழுசாக இரண்டு முறை வருகிறது. மெட்டு போக வேண்டிய உச்சியில் ஜி இருக்கிறது, கார்டு உட்கார அடியில் ஏ இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஸ்பேட் கூலி குழுவில் வாசித்த வாக்கீன் மர்ஃபியின் சி6 வாசிப்பைக் கேட்டால், பெடல் இல்லாத ஒரு வாத்தியம் எவ்வளவு தூரம் போக முடியும் என்று விளங்கும். வேகம், சுத்தம், நடுவில் சாக்ஸஃபோன்காரருக்கே வரும் குறும்பு. நம் காலத்துக்கு வந்தால், ஆஸ்லீப் அட் த வீல் குழுவில் பல வருஷம் இருந்த சிண்டி கேஷ்டாலரும், டல்லஸில் இருந்த டாம் மோரெலும் பெடல் இல்லாத ஸ்டீலையே இந்த இசைக்குப் பிடித்துக்கொண்டவர்கள்.

குறை இல்லாமல் இல்லை. கம்பிகள் நெருங்கி இருப்பதால் வலது கை முதலில் தடுமாறும். கட்டை விரலில் ஒன்று, மற்ற இரு விரல்களில் ஒவ்வொன்று என்று மூன்று பிக் மாட்டிக்கொண்டு, அடிக்க வேண்டாத கம்பியை உள்ளங்கையின் ஓரத்தால் அமுக்கி வைக்கப் பழக வேண்டும். எட்டு கம்பியில் அமுக்க வேண்டியவை அதிகம். கடையில் வைத்திருப்பவர்களும் குறைவு, பெரும்பாலும் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். அதற்காகப் பின்வாங்க வேண்டாம்.

பல கழுத்து வாத்தியங்கள் பார்க்க ராஜ கம்பீரம். ஃபெண்டரின் ஸ்டிரிங்மாஸ்டரை நான்கு கழுத்தோடு மெக்காலிஃபும் நோயல் பாக்ஸும் வைத்து வாசித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கழுத்துக்கும் ஒரு ட்யூனிங். ஒன்று சி6, ஒன்று இ13, இன்னொன்று ஏ6 என்று வைத்துக்கொண்டு பாட்டுக்குப் பாட்டு, சில சமயம் பாட்டுக்கு நடுவிலேயே, தாவலாம். இ13-இல் ஏழு, ஒன்பது, பதிமூன்று கார்டுகள் எல்லாம் டோன் பாரைச் சாய்க்காமலே கைக்குக் கிடைக்கும். அந்தப் பழைய தடித்த கார்டு அடி அதில்தான் வரும். ஆனால் இது பெடலுக்கு முந்தைய காலத்து விடை. ட்யூனிங்கை நடுவில் மாற்ற வழியில்லை, சரி, கழுத்தையே மாற்று என்று யோசித்திருக்கிறார்கள். எடையும் அதிகம். தூக்க ஆள் இருந்தால், பழைய வாத்தியம் நல்ல நிலையில் கிடைத்தால், இரண்டு கழுத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான்கு கழுத்து என்பது ஆசை, தேவை அல்ல.

வாங்கும்போது ஸ்கேல் நீளத்தையும் கேளுங்கள். ஸ்டிரிங்மாஸ்டரே இருபத்திரண்டரை, இருபத்துநாலரை, இருபத்தாறு அங்குலம் என்று மூன்று அளவில் வந்தது. நீளம் கூடினால் ஒலி விறைப்பாக நிற்கும். ஃப்ரெட்டுகளுக்கு இடையே தூரமும் கூடுவதால் டோன் பாரை அதிகமாகச் சாய்க்க வேண்டியிருக்கும். சின்னக் கை உள்ளவர்கள் குட்டை அளவிலேயே இருப்பது நல்லது.

இனி பெடல். எனக்குத் தெரிந்து நிறையப் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். "எப்படியும் கடைசியில் பெடலுக்குத்தான் வரப்போறோம், நேரா அதையே வாங்கிடலாமே" என்று நினைக்கிறார்கள். நண்பரும் அப்படித்தான் சொன்னார்.

பெடல் ஸ்டீல் என்று கடையில் கேட்டால் எடுத்து வைப்பது பெரும்பாலும் பத்து கம்பி, இ9 ட்யூனிங், மூன்று பெடல், நான்கைந்து முழங்கால் நெம்புகோல். கார்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பெடல்களைச் சேர்த்து மிதித்தால் பி கம்பி சி ஷார்ப்புக்கும், ஜி ஷார்ப் கம்பி ஏ-வுக்கும் வழுக்கி ஏறும். இ கார்டு கண்ணெதிரே ஏ கார்டாக மாறும். பட் ஐசக்ஸ் 1953 கடைசியில் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் இப்படி நடுவில் மிதித்துக் காட்டினார். மறுவருஷம் பாட்டு ஹிட்டானது, நாஷ்வில் முழுக்க ஸ்டீல் வாசிப்பவர்கள் பெடல் தேடி ஓடினார்கள். அழுகிற ஸ்டீல் என்று நாம் சொல்வது அந்த ஒலி. அருமையான ஒலி. ஆனால் அது வெஸ்டர்ன் ஸ்விங்கின் பொற்காலம் முடிந்த பிறகு பிறந்தது. டிஃபனி பதிவுகளைக் கேட்டு மயங்கிய ஒருவர் இ9 மட்டும் உள்ள வாத்தியத்தை வாங்கினால், பிரியாணி சாப்பிடப் போய் பாயசக் கடையில் உட்கார்ந்த கதைதான். பாயசம் நன்றாக இருக்கும், பசி அடங்காது.

பெடலே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்பீடி வெஸ்ட் 1948-லேயே பால் பிக்ஸ்பி கையால் செய்த பெடல் வாத்தியத்தோடு கலிஃபோர்னியாவில் அட்டகாசம் செய்துகொண்டிருந்தார். ஹாங்க் தாம்ஸன் குழுவில் இருந்த கர்லி சாக்கர், சி6 பெடல் கழுத்தில் பியானோக்காரர்கள் பொறாமைப்படும் கார்டுகளை வாசித்தவர். ஆகவே கேள்வி, பெடல் இருக்கிறதா என்பதைவிட, அந்தப் பெடல்கள் எந்த ட்யூனிங்கில் மாட்டியிருக்கின்றன என்பதுதான்.

இரட்டைக் கழுத்து வாத்தியத்தில் முன் கழுத்து இ9, உடம்புப் பக்கக் கழுத்து சி6. சி6 கழுத்துக்கு வழக்கமாக ஐந்து பெடல், நான்கிலிருந்து எட்டு வரை எண் போட்டிருப்பார்கள். ஐந்தாம் பெடலை மிதித்தால் டி ஒன்பது கைக்கு வரும். ஆறை மிதித்தால் எஃப் ஒன்பது. ஏழில் சி மேஜர் ஒன்பது. எட்டாவது பெடல் அடிக் கம்பியைக் கீழே இறக்கி ஏ ஏழைக் கொடுக்கும். அந்த அடிக் கம்பி இறங்கும்போது வயிற்றுக்குள் ஒரு லிஃப்ட் இறங்குவது போல இருக்கும். லாப் ஸ்டீலில் மணிக்கட்டை முறுக்கிச் சாய்த்துத் தேடிய கார்டெல்லாம் இங்கே ஒரு மிதியில் வருகிறது. ஸ்விங் கார்டுக்கு இதைவிட வசதியான இயந்திரம் கிடையாது. ஆனால் பெட்டியோடு 30 கிலோ பக்கம் எடை. பத்து வீட்டுக்கு ஒருத்தரிடம் கூட இல்லாத ஓர் இயந்திரத்துக்குக் கம்பி நெம்புகோல் சரிசெய்ய மெக்கானிக்கை எங்கே தேடுவீர்கள்? அதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பன்னிரண்டு கம்பி யுனிவர்சல் என்று ஒன்றும் உண்டு. ஒரே கழுத்தில் இ9-ஐயும் பி6-ஐயும் மடித்து வைத்தது. முழங்கால் நெம்புகோல் ஒன்றால் இ கம்பிகளை அரை ஸ்வரம் இறக்கிப் பிடித்தால் வாத்தியம் ஆறாம் ட்யூனிங்காக மாறிவிடும். டெக்சாஸின் மாரிஸ் ஆண்டர்சன் இதே வழியில் பி ஃப்ளாட் ஆறை அடிப்படையாக வைத்த யுனிவர்சலை ஆதரித்தவர். புத்திசாலித்தனமான அமைப்பு. முதல் வாத்தியமாக மட்டும் வேண்டாம்.

இன்னொரு பக்கம், பெடல் இல்லாததில் ஒரு குணம் இருக்கிறது, அதை எந்த மிதியாலும் வாங்க முடியாது. கார்டு மாற இடதுகை முழுவதும் நகர்ந்தாக வேண்டும். அந்த நகர்வின் சத்தம், சாய்ந்த டோன் பார் நேராகும் அந்த நொடி, இதெல்லாம்தான் பழைய பதிவுகளில் கேட்கிற ஆட்டம். பெடலில் கார்டு அதே இடத்தில் இருந்துகொண்டு உருமாறும். இரண்டும் ஒன்றாகக் கேட்காது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சொல்லிவிடலாம்.

அதனால் நண்பருக்கு நான் சொன்னது: பணம் இறுக்கமாக இருந்தால் ஆறு கம்பி, சி6, அடியில் சி ஷார்ப் வைத்துக்கொள். கொஞ்சம் பொறுத்துச் சேர்க்க முடியும் என்றால் நேராக எட்டு கம்பி, ஒற்றைக் கழுத்து, கால் வைத்தது. ஏற்கெனவே இ9 வாசிப்பவர் என்றால் இரட்டைக் கழுத்துக்கு மாறி சி6 பக்கம் உட்கார். அவர் மூன்றாவது ஆள் இல்லை, அதனால் எட்டு கம்பியைத்தான் பரிந்துரைத்தேன். "பெடல் இல்லாம அந்த சவுண்டு வருமா அண்ணே?" என்று மறுபடி இழுத்தார். மர்ஃபியின் பதிவு ஒன்றைப் போட்டுவிட்டு நான் பேசாமல் இருந்தேன். முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னார்.

பழைய வாத்தியம் ஒன்றைப் பார்க்கப் போகும்போது ஒரு சோதனை. வலது கையை வாசிக்கும் நிலையில் வைத்துக்கொண்டு, சுண்டுவிரலால் டோன் குமிழை எட்ட முடிகிறதா என்று பாருங்கள். ஒரு ஸ்வரத்தை அடித்த கையோடு குமிழைத் திருப்பினால், டிரம்பெட் வாயில் மூடி வைத்துத் திறப்பது போல 'பூ...வா' என்று வாய் திறக்கும். இந்த இசையில் அந்த ஒலிக்குக் காத்துக்கொண்டே இருப்பார்கள். குமிழ் எட்டாத தூரத்தில் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.